ஷிப்ட் மாறும் நேரம்

மேடம் என்னை வெளியே கூப்பிடும்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலை எட்டி உதைத்திருக்கிறேன். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் மூன்று வருடம் ஆடினேன். முதல் இரண்டு வருடங்களை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

எங்கள் பி.டி. மேடம் மூன்று நிமிடத்துக்கு ஒரு ஆளை மாற்றுவார். இந்த ஆட்டத்தின் ஆரம்ப காலத்தில் வெளியே போனவர் திரும்ப வர முடியாது. இன்று அப்படியில்லை. அணியில் 12 பேர், கோர்ட்டில் 5 பேர். கடிகாரம் நிற்கும்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். 5 பவுல் வாங்கியவள் மட்டும் திரும்ப முடியாது. பத்துப் பத்து நிமிடமாக 4 குவார்ட்டர். கோர்ட் முழுக்க விரட்டி மறித்து ஆட அதே ஐந்து பேரின் கால் தாங்காது என்பது மேடத்தின் கணக்கு.

எனக்கு அது பிடிக்கவில்லை. கை பழகி இரண்டு கூடை விழும் நேரத்தில் உட்கார வைத்தால், திரும்பி வரும்போது குறி தப்பும். ஒரு தப்புக்கே எடுத்துவிடுவாரோ என்று சிலர் ஷாட் போடவே பயந்தார்கள். இதெல்லாம் நிஜம்தான். ஆனால் என் கோபம் வேறு. 19 வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை ஏற்ற அனிதா பால்துரையின் படத்தை ஹாஸ்டல் அலமாரியில் ஒட்டியிருந்தேன். எனக்கும் அப்போது 19. நான் பெஞ்சில் உட்காருவதா?

அதனால் ஒரு அற்பத்தனம் செய்தேன். மாற்றாக வரும் ஜூனியர் ஒருத்திக்குப் பந்தே கொடுக்க மாட்டேன். அவள் கைதூக்கி நிற்பாள். நான் பார்க்காததுபோல் வேறு பக்கம் போடுவேன். ஆள் மாற்றுவது வேலைக்காகாது என்று மேடம் நினைக்கட்டுமே.

ஒரு அரையிறுதியில் மேடம் சைகை காட்டியபோது, முடியும் என்று தலையாட்டி உள்ளேயே நின்றேன். கடைசிக் குவார்ட்டரில் கால் ஓடவில்லை. கால் ஓடாதபோது கை நீளும். ஐந்தாவது பவுல். எனக்குப் பதில் இறங்கியவள் அதே ஜூனியர். அன்று பந்தையே தொடாதிருந்தவள் கையில் முதல் பாஸ் நழுவியது. 3 புள்ளியில் தோற்றோம். அழுதவள் அவள்தான்.

லீவுக்கு மூங்கில்துறைப்பட்டு வந்தேன். அரவைக் காலம். ரோடெல்லாம் கரும்பு வண்டிகள். அப்பாவுக்கு எங்கள் ஊர்க் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை. அன்று அரை மணி பிந்தி வந்தார்.

"சங்கு ஊதி எவ்ளோ நேரமாச்சுப்பா?"

"ஊதுனா ஓடியாந்துட முடியுமா பாப்பா? பிரஷர் எவ்ளோ நிக்குது, எந்த வால்வு மக்கர் பண்ணுதுன்னு வர்ற ஆளுகிட்ட சொல்லிட்டுத்தான் வரணும். சொல்லாம வந்தா, கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி நிப்பான்."

கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் வருடம், வெளியே வரும்போதெல்லாம் உள்ளே போகிறவள் காதில் ஒரு வரி சொல்வேன்: "ஏழாம் நம்பர் எடது பக்கம்தான் திரும்புவா." ஜூனியர் முதலில் முகம் கொடுக்கவில்லை. என்னை நம்ப அவளுக்கு நான்கு ஆட்டம் பிடித்தது.

ஐந்தாவது ஆட்டத்தில் அவள் வெளியே வந்தாள், நான் உள்ளே போனேன். கடக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, நாலாம் நம்பருக்கு மூச்சு வாங்குது. விடாதீங்க."