மணியோடு மலைவழியே

கொச்சியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குச் செல்ல வழிகள் பல உள. வடக்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக இருப்புப்பாதை செல்கிறது. தெற்கே ஆரியங்காவு இருக்கிறது. கிழக்கே குமுளியும் போடிமெட்டும் இருக்கின்றன. இவற்றை அறியாதவர் நம்மிடையே இல்லை. ஆனால் மூணாற்றிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் சாலையில் செல்வோர் மிகச் சிலரே. அச்சாலை ஒரு தேசியப் பூங்காவின் ஓரமாகவும், ஒரு வனவிலங்குச் சரணாலயத்தின் நடுவாகவும், ஒரு புலிகள் காப்பகத்தின் ஊடாகவும் செல்கிறது. சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் அவ்வழியே ஊருக்குச் சென்றோம். எங்களுடன் ஒரு நாயும் வந்தது. வளர்ப்பு நாயுடன் காட்டு வழியில் செல்ல எண்ணும் அன்பர்களுக்குப் பயன்படலாம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

நாயின் பெயர் மணி. உயர்ந்த சாதி நாயன்று. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலை ஒன்றின் வாயிலில், 2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நனைந்து நடுங்கிக் கிடந்த செவலைக் குட்டி. எங்கள் மகன் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அன்று முதல் அது எங்கள் வீட்டில் ஐந்தாவது ஆள்.

இரயில்வேயில் வேலை செய்பவர் இரயிலில் போகாமல் ஏன் மலையேற வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். விடை விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. நாயைத் தம்முடன் வைத்துக்கொண்டு செல்ல விரும்பும் பயணி, முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுமையாகப் பெறவேண்டும். படுக்கை வசதியுள்ள மற்ற வகுப்புகளில் பெரிய நாய்க்கு இடமில்லை. இல்லையெனில் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, கார்டு இருக்கும் பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் ஏற்றவேண்டும். குமாஸ்தா சம்பளத்தில் நாய்க்காக முதல் வகுப்பு அறை எடுப்பது நடக்கிற காரியமன்று. கூண்டிலிட்டு அனுப்பவோ பிள்ளைகள் ஒப்பவில்லை. தோப்பும்படியில் பழ வியாபாரம் செய்யும் எங்கள் மைத்துனர், “வேன் சும்மாதானே நிற்கிறது மச்சான், நானே ஓட்டி வருகிறேன்” என்றார். பயணம் முடிவாயிற்று.

புறப்படுவதற்கு முன்பே மணிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் டிஸ்டம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட்டுச் சான்றிதழ் பெற்றிருந்தோம். பழைய கூடாரம் ஒன்று, தார்ப்பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு குடம் தண்ணீர், உறுதியான கயிறு ஆகியன வேனில் ஏறின.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். மூணாறு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கோதமங்கலம் கடந்து நேரியமங்கலத்தில் பெரியாற்றைத் தாண்டும் வளைவுப் பாலத்தில் கதிரவன் உதித்தான். 1935ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலம் அது. அதன் பின்னேதான் மலைப்பாதை தொடங்குகிறது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலையையே கரைத்துக்கொண்டு போனபோது மூணாற்றுக்குச் சென்ற பழைய பாதை அழிந்தது. மூணாற்றில் இரயில் இருந்ததென்று சொன்னால் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். 1902இல் அங்கே மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் அது இரண்டடி அகலச் சிற்றிரயிலாக மாறிற்று. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து சென்றது. அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தன. அந்த வெள்ளம் அந்த இரயிலையும் விழுங்கிவிட்டது. அதன்பின் எவரும் அதனை மீண்டும் போடவில்லை. நம் தொழிலைச் சேர்ந்த எவரும் அவ்விடத்தைப் பெருமூச்சின்றிக் கடந்து செல்ல இயலாது.

மூணாற்றுக் கடைத்தெருவில் செவிக்குத் தமிழே விழுகிறது. இம்மலைகளில் தேயிலை வைத்தவர்களும் கொய்தவர்களும் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரப் பகுதிகளிலிருந்து வந்தவர்களே. மட்டாஞ்சேரியில் நாம் பிழைக்க வந்தது போலத்தான் அவர்களும் வந்தார்கள். நமக்கு வாடகை வீடு, அவர்களுக்கு லயம். அவ்வளவே வேற்றுமை.

மூணாற்றிலிருந்து உடுமலைச் சாலையில் சிறிது தூரம் சென்றால் ஐந்தாம் மைல் என்னுமிடம் வரும். இரவிகுளம் தேசியப் பூங்காவிற்குச் செல்வோர் அங்கே தம் வண்டியை விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏறி இராஜமலைக்குச் செல்லவேண்டும். 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இது 97 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இதனைச் சேர்ந்ததே. உலகில் எஞ்சியுள்ள வரையாடுகளின் மிகப் பெரிய கூட்டம் இங்கேதான் வாழ்கிறது. ஆடுகள் குட்டி ஈனும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், பூங்காவை மூடிவிடுவர். நாங்கள் சென்றது ஏப்ரல் மாதம்.

வாயிலில் வனக்காவலர் மணியைப் பார்த்தார். “சார், நாயை உள்ளே விடமாட்டோம்” என்றார். கயிற்றில் கட்டியே வைத்திருப்போம் என்று மைத்துனர் சொல்லிப் பார்த்தார். “கையிலே தூக்கிட்டுப் போனாலும் விடமாட்டோம் சார்” என்றார் அவர். மகன் முகம் வாடியது. தடுப்பூசிச் சான்றிதழை எடுத்து நீட்டினான். காவலர் அதை வாங்கிப் படித்துப் பார்த்து, மிக மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த விதி சரியானதே என்பது எம் கருத்து. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுக்குள் நுழைவதே அனுமதிக்குரிய காரியம். தீ மூட்டுவது குற்றம். நாய் விஷயத்தில் இன்னும் ஒரு காரணம் உண்டு. டிஸ்டம்பர் என்னும் நாய்க்காய்ச்சல் நாயோடு நின்றுவிடுவதில்லை. 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிக் காட்டில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள், ஏறத்தாழ ஆயிரம், அந்நோயால் மாண்டன. 2018இல் நம் நாட்டிலேயே கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களுக்குள் இறந்தபோது அதே கிருமியைக் கண்டறிந்தனர். நம் மலைகளில் செந்நாய்கள் இருக்கின்றன. அவை நாயின் உறவினமே ஆதலால் நாய்க்கு வரும் நோயெல்லாம் அவற்றிற்கும் வரும். தடுப்பூசி போட்ட நாய் எது, போடாத நாய் எது என்று வாயிலில் நின்று ஆராய்வது எளிதன்று. மேலும் வரையாடு நாயைக் கண்டால் செந்நாய் என்றே எண்ணும். குட்டியோடு நிற்கும் தாயாடு வெருண்டு பாறை விளிம்பில் ஓடினால் என்னாகும்?

அமெரிக்காவில் இருக்கும் நம் உறவினர்கள் நாயோடு பூங்காக்களுக்குச் சென்ற படங்களை அனுப்புவதுண்டு. அங்கும் கட்டுப்பாடு இல்லாமலில்லை. கயிறு ஆறடிக்கு மேல் நீளக்கூடாது. பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு இடமில்லை. எல்லோஸ்டோன் பூங்காவில் சாலையிலிருந்தும் கூடாரத் திடலிலிருந்தும் நூறடிக்கு அப்பால் நாயைக் கொண்டு செல்லலாகாது. அங்கே திடல் வரையிலாவது விடுகிறார்கள். இங்கே வாயிலோடு சரி.

ஆகவே முறை வைத்துக்கொண்டோம். இருவர் மேலே செல்ல, மற்றவர் மணியுடன் கீழே தங்குவது, பிறகு மாறிக்கொள்வது. கீழே தேயிலைச் செடிகளின் ஓரத்தில் நின்றிருந்தபோது, விறகுக் கட்டோடு வந்த முதிய அம்மையார் ஒருவர் மணியைக் கண்டு நின்றார். தோட்டத்தில் முப்பது ஆண்டு கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவராம்.

“உள்ள விடலியா தம்பி?”

“விடமாட்டார்களாம் அம்மா.”

“அது சரிதான். ஆனா நாயில்லாத லயம் இங்க கெடையாது. ராத்திரி புலி வந்தா, யான வந்தா, மொதல்ல சொல்றது அதுதான். பெட்டிமுடியில அந்தப் புள்ளயக் கண்டு குடுத்ததும் நாய்தானே.”

சொல்லிவிட்டு இராஜமலைப் பக்கமாகக் கையைக் காட்டினார். பெட்டிமுடி அந்த வாயிலுக்கு அப்பால் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பெருமழையில் மலைச்சரிவு இடிந்து அங்கிருந்த லயங்களை மூடிற்று. எழுபது உயிர்கள் போயின. அவர்களுள் நால்வர் உடல்கள் கிடைக்கவே இல்லை. இறந்தோர் பலருடைய முன்னோர் கயத்தாற்றுப் பகுதியினர். மீட்புப் படையினர் நாள்தோறும் மண்ணையும் ஆற்றையும் தேடினர். குவி என்னும் நாய் ஒன்று தன் வீட்டுக் குழந்தையைத் தேடி அங்கேயே திரிந்துகொண்டிருந்தது. எட்டாம் நாள் ஆற்றோரமாக ஓரிடத்தில் நின்று நீரையே நோக்கிக் குரைத்தது. பார்த்தபோது, மரத்தில் சிக்கியபடி அக்குழந்தையின் உடல் கிடந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை. பின்னர் காவல்துறை நாய்ப்படையினர் குவியைத் தம்மிடம் சில காலம் வைத்துப் பேணினர்.

அந்தக் கதையைப் பத்திரிகையில் நாம் அனைவரும் படித்ததுதான். எனினும் அந்த மலைக்குக் கீழே நின்று, கயிற்றின் மறுமுனையில் ஒரு நாயோடு கேட்பது வேறு. மகள் எதுவும் பேசவில்லை. மணியின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். அம்மையார் தம் மடியிலிருந்த பிஸ்கட்டில் ஒன்றை மணிக்குப் போட்டுவிட்டு விறகோடு நடந்தார்.

மேலே சென்று வந்தவர்கள் வரையாடுகளை ஐந்தடி தூரத்தில் கண்டார்கள். அவற்றிற்கு மனிதரிடம் அச்சமில்லை. குறிஞ்சி பூக்கும் பருவமன்று, சரிவெல்லாம் பசும்புல்லே.

மாலைக்குள் மறையூர் சேர்ந்தோம். சந்தனக் காடும் கரும்பு வெல்லமும் புகழ்பெற்ற ஊர். பெருங்கற்காலத்து முனியறைகள் பாறைமேல் இன்றும் நிற்கின்றன. காந்தளூர்ப் பக்கமாக ஒரு தோட்டக்காரரிடம் கூலி கொடுத்து அவர் நிலத்தில் கூடாரம் அடித்தோம். வனத்துறை நிலத்தில் தாமாகக் கூடாரம் அடிப்பது எக்காரணத்தாலும் கூடாது. தனியார் நிலமாயினும் உரிமையாளரின் சம்மதத்தோடு, வீட்டுக்கு அருகே அடிப்பதே அறிவுடைமை. தோட்டக்காரர் முதலில் சொன்னது இதுதான்: “நாயை வெளியே கட்டாதீங்க. சிறுத்தைக்கு நாய்னா பிரியம்.” கூடாரத்தில் நால்வர் படுக்கும் இடத்தில் ஐவரும் மணியும் படுத்தோம். நள்ளிரவில் மணியின் முதுகு மயிர் சிலிர்த்தது. குரைக்கவில்லை, அடித்தொண்டையில் உறுமியது. எங்களுள் எவரும் எழுந்து வெளியே பார்க்கவில்லை. காலையில் கரும்பு வரப்பில் யானைச் சாணம் கிடந்தது. மைத்துனர் மட்டும் தாம் விழித்தே இருந்ததாக இன்றளவும் சொல்லி வருகிறார்.

மறையூரிலிருந்து உடுமலை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இடையில் உள்ளது 1984இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு சரணாலயம். மலையின் இப்புறம் மழை கொட்ட, அப்புறம் மழை மறைவு நிலம். ஈரப்பசுமை சட்டென்று முடிந்து முள்மரங்கள் தொடங்குவதைக் கண்ட பிள்ளைகள் வியந்தனர். சாம்பல்நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் வாழும் காடு இது. பொதுச் சாலை என்பதால் நாயை வண்டியில் வைத்துக் கடக்கலாம். இறக்குவதற்கு மட்டும் இடமில்லை. ஆதலால் மறையூரிலேயே மணியை நன்றாக நடத்திக் கூட்டிவந்து, தண்ணீர் காட்டி, பிறகே ஏற்றினோம். கண்ணாடியைப் பாதி ஏற்றிவைத்தோம். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. சின்னாற்றுப் பாலத்தருகே கேரளச் சோதனைச் சாவடி, அடுத்துத் தமிழகச் சாவடி. அங்கிருந்து ஆனைமலைப் புலிகள் காப்பகம். குப்பை போடாதே, இறங்காதே, உணவிடாதே என்று பலகைகள். பகலிலேயே இவ்வழியைக் கடந்துவிட வேண்டும். இருட்டினால் யானைகளுக்கு உரிய சாலை அது.

அமராவதி அணை கண்ணில் பட்டதும் எங்கள் வீட்டம்மையார், “ஊர் வந்துடுச்சு” என்றார். ஊர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆயினும் ஒருவரும் மறுக்கவில்லை.

அன்றிரவு ஊரில் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது குறிஞ்சியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. இனி 2030இல் பூக்கும். மகன் விரல் விட்டு எண்ணினான். அப்போது மணிக்கு வயது ஒன்பதாகியிருக்கும். அந்த ஆண்டும் நாம் போகவேண்டும் என்றான். அப்போதும் ஒருவர் ஐந்தாம் மைலில் நாயோடு நிற்கவேண்டுமே என்று மைத்துனர் நினைவூட்டினார். முதலில் நிற்பது தன் முறை என்று மகள் அப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.