நின்னுக்கிட்டே தூங்குன குதிரை

குதிரை நின்னுக்கிட்டே தூங்கும்னு எல்லாருக்கும் தெரியும். அது பாதித் தூக்கம்தான் நண்பர்களே. கனவு வர்ற ஆழ்ந்த உறக்கத்துக்குத் தசையெல்லாம் தளரணும், அதுக்குப் படுத்தாகணும். பயம் இருந்தால் படுக்காது.

கல்யாண ஊர்வலத்தில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டதால் கழித்துவிட்ட குதிரை ஒன்றை அப்பா வாங்கி வந்தார். பட்டாசுக்குப் பயந்த குதிரையை எம். புதுப்பட்டிக்கு, அதுவும் சிவகாசிப் பக்கம், கொண்டுவந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். மானாவாரிக் காடு, மழை பொய்த்த வருஷம், நகைக்கடன் வேறு. "கொள்ளுக்கு எங்க போறது?"ன்னு அம்மா கேட்டது நியாயம்தான்.

பார்த்துக்கொண்டது சித்தப்பா. பட்டாசு ஆலை விபத்தில் பிழைத்தவர். தீக்காயம் ஆறிடுச்சு. தட்டு விழுந்தாலே தூக்கிப்போடுவதும், ராத்திரி முழிச்சுக் கிடப்பதும் ஆறல. பிடிஎஸ்டி என்பது இதுதான்.

அம்மா தூரத்தில் தகர மூடியைத் தட்டுவாங்க, சித்தப்பா அந்நேரம் கொள்ளு ஊட்டுவார். வாராவாரம் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். குதிரை காதை விறைத்தால் அன்றைக்கு அத்தோடு சரி. பயந்த மனிதர்களுக்கும் படிப்படியாகப் பழக்கும் இதே முறை உண்டு. சத்தம் எப்போ வரும்னு தெரிந்ததால் சித்தப்பாவும் கொஞ்சம் தேறினார்.

ஆனால் குதிரை மட்டும் போதாதுங்க. மனநல மருத்துவரிடம் போனோம், மாத்திரையும் எடுத்தார். விபத்து முடிந்து ஒரு மாதம் தாண்டியும் உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் 14416, டெலி மனாஸ். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மார்கழியில் ஒருநாள் விடியக்காலம் அம்மா கத்தினாங்க, குதிரை செத்துப்போச்சுன்னு. ஓடினோம். காலை நீட்டிப் படுத்து, குறட்டை விட்டுக்கிட்டு இருந்துச்சு.