யாரைப் பார்க்கப் போறீங்க?

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விமானம் ஏறினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று நினைத்திருந்தேன். பிரசவம். 2011ல் அக்காவுக்கு நியூஜெர்சியில் குழந்தை பிறந்தபோது அம்மா ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வந்தார். நவம்பரில் போனவர் ஏப்ரலில் திரும்பினார். அமெரிக்கா எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்டதற்கு, "சன்னல் பெரிசா இருந்துச்சுடா" என்றார். அப்போது அதைக் காமெடி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா போகவில்லை. இரண்டு மாடு, மூன்று ஏக்கர், யார் பார்ப்பது?

இந்தப் பீடிகை எதற்கு என்றால், 2024 மே மாதம் ஒரு ராத்திரி அம்மா போன் செய்து, "தம்பி, நானும் அப்பாவும் மலேசியா போறோம்" என்றார். நான் அலுவலகத்து ஆணியைப் பிடுங்கியபடி அரைக்காதில் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே யார் இருக்கா என்றேன். "யாரும் இல்ல. சும்மா, பாக்க." சரி, நான் லீவு போடுறேன், நாமெல்லாரும் டிசம்பர்ல போகலாம் என்றேன். "நீங்க வேணாம்ப்பா" என்று பட்டென்று வந்தது. அப்புறம் அம்மாவே கொஞ்சம் சங்கடப்பட்டு, "உனக்கு எதுக்கு வீண் செலவு" என்று சேர்த்துக்கொண்டார்.

அக்காவுக்குச் செய்தி போனதும் அழுதாள். "பத்து வருஷமா ரெண்டு பேரையும் வா வான்னு கூப்பிடறேன். வயல், மாடுன்னு சொன்னாரு. இப்ப மட்டும் எப்படி முடியுது?" நியாயமான கேள்விதான். பதில் எனக்குக் கொஞ்சம் தெரியும், ஆனால் அவளிடம் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் ஒரு டீக்கடைக்காரர். கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று சின்னக் கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தினமும் கடை வருமானத்தில் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்கிப் பயணம் போய்விட்டு, வந்து டீ ஆற்றியே அதை அடைப்பார்கள். 2007ல் ஆரம்பித்து 25 நாடுகளுக்கு மேல் பார்த்தார்கள். கடைசியாக 2021 அக்டோபரில் ரஷ்யா. அடுத்த மாதமே விஜயன் காலமாகிவிட்டார். அந்த வீடியோ அம்மாவுக்கு வாட்ஸப்பில் வந்திருக்கிறது. அப்பாவிடம் காட்டினாராம். "ஊர் சுத்தக் கடனா?" என்று முகத்தைச் சுளித்திருக்கிறார் அப்பா. ஆனால் அன்றைக்கு ராத்திரி, "அந்தாளு செத்துட்டாரா?" என்று திரும்பக் கேட்டாராம்.

சித்திரையில் மாடுகளை விற்றுவிட்டார்கள். மாடு இருக்கிற வீட்டைப் பூட்ட முடியாது. அம்மா ஒரு வாரம் கொட்டில் பக்கமே போகவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

நாங்கள் மன்னார்குடிக்குத் தெற்கே, கடைமடை. மேட்டூரில் ஜூன் 12ல் திறந்தால்கூட எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 2024ல் அந்தத் தேதியில் திறக்கவே இல்லை. போர் போட்டிருப்பவர்கள் குறுவை செய்தார்கள். எங்களுக்குப் போர் கிடையாது. "வயலு சும்மாதான் கெடக்கு, மாடும் இல்ல, இப்ப போவாம எப்ப போவறது" என்றார் அப்பா. அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக அவருக்குக் கோடை விடுமுறை :-)

மலேசியாவைத் தேர்ந்தெடுத்ததும் கணக்குப் போட்டுத்தான். 2023 டிசம்பர் 1லிருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் அனுமதித்தார்கள். வருகை அட்டை ஒன்றை மட்டும் இணையத்தில் நிரப்பினால் போதும். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி மலேயா போனவர்கள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆகவே பெயராவது பழக்கம்.

திருச்சியிலிருந்து நேராகவே கோலாலம்பூருக்கு விமானம் இருக்கிறது. ஆனாலும் நான்தான் அடம்பிடித்து அவர்களை ஹைதராபாத் வரவழைத்தேன். என் கண் முன்னால் ஏறவேண்டுமாம்! மன்னை எக்ஸ்பிரஸ், பிறகு தாம்பரத்தில் சார்மினார் எக்ஸ்பிரஸ், அப்புறம் லாலாகுடா. தங்கமணிக்கு ரயில்வேயில் வேலை என்பதால் பல வருடமாக எங்கள் ஜாகை இங்கேதான். 1893ல் நிஜாம் காலத்து ரயில்வே ஆரம்பித்த பெட்டிப் பட்டறை, அதைச் சுற்றி வேப்பமரங்களும் பழைய குவார்ட்டர்ஸ்களும். அப்பா காலையில் ஒரு நடை போய்விட்டு வந்து, "இங்க நம்ம ஆளுங்க பேச்சு கேக்குதே" என்றார். மூன்று தலைமுறையாக இருக்கும் ரயில்வேக் குடும்பங்கள். சாயங்காலம் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயில். மேட்டுகுடாவில் மெட்ரோ ஏறி ஒரு ரவுண்டு. "பிளேனும் இப்படித்தான் இருக்குமா?" இல்லப்பா, ஜன்னல் சின்னதா இருக்கும்.

பதினான்கு குறிப்புகள் எழுதி ஒரு தாள் கொடுத்தேன். பாஸ்போர்ட்டை எங்கே வைப்பது, யாரிடம் பேசக்கூடாது, என்ன சாப்பிடக்கூடாது என்று. ஷம்ஷாபாத்தில் உள்ளே போகும்போது இருவரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கையைத் தூக்கியபடி நின்றேன். அப்பா அம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அம்மா என்னமோ சொன்னார், அவர் சிரித்தார். திரும்பவே இல்லை. என் அப்பா அம்மாவின் பையைத் தூக்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு நாள் போன் இல்லை. நானும் அக்காவும் மாறி மாறிப் புலம்பினோம். மூன்றாம் நாள் விடுதி வைஃபையில் அம்மா வந்தார். பத்துமலையில் 272 படியும் ஏறிவிட்டாராம், மூட்டுவலியோடு. அப்பா பாதியில் உட்கார்ந்துவிட்டாராம். "முருகனைக் கீழேருந்தே பாத்துட்டேன், 140 அடி இருக்காரே, போதாதா" என்று பின்னணியில் குரல். என் தாளைக் கேட்டேன். முறுக்கு மடிக்க உதவியதாம்.

நான்காம் நாள் எல்லோரும் கடைகளுக்குப் போனபோது இவர்கள் ஒரு தமிழ் டிரைவரைப் பிடித்து செகின்சான் போயிருக்கிறார்கள். சிலாங்கூரின் நெல் பூமி. வருடம் இரண்டு போகம். பெர்ணம் ஆற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. நூல் பிடித்த மாதிரி நேரான வாய்க்கால்கள். அப்பா வாய்க்கால் கரையில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும் படத்தை அம்மா அனுப்பினார். பாதியில் அம்மாவின் கட்டைவிரல். "ஒரு மணி நேரமா எழுந்திரிக்க மாட்டேங்கறாருடா. கரை தொட்டுக்கிட்டு ஓடுதுன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்காரு."

திரும்பி வந்து லாலாகுடாவில் இரண்டு நாள் இருந்தார்கள். என் மகளுக்கு சாவிக்கொத்து, தங்கமணிக்கு ஒரு துணி. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவரிலிருந்து விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வரை எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம், எந்தப் பிள்ளையைப் பார்க்கப் போறீங்க என்று. "நீ என்னம்மா சொன்ன?" "நான் எங்க சொன்னேன். இவருதான், இந்தா இவளைத்தான்னு என்னையக் காட்டுனாரு." சொல்லும்போது அம்மாவுக்கு வெட்கம். அறுபத்துமூன்று வயது.

அக்கா வீடியோவில் வந்தாள். இன்னும் கோபம் மிச்சம் இருந்தது. எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க என்றாள். அம்மா யோசித்தார். "வர்றோம். வெயில் காலத்துல. ரெண்டு பேருமா. உங்கூரை எனக்குச் சுத்திக்காட்டணும், நான் ஒண்ணுமே பாக்கலடி." அக்கா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஆமாம்மா, நான் உன்னைய எங்கயுமே கூட்டிட்டுப் போகலல்ல" என்றாள்.

ஜூலை 28ல் மேட்டூரைத் திறந்தார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அப்பாவின் போன். பதறி எடுத்தேன். பின்னால் மண்வெட்டிச் சத்தம்.

"தம்பி, தண்ணி வந்துட்டு. அப்பறம் பேசறேன்."