ஏமாந்ததைச் சொன்ன அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

இந்த மடலில் உங்கள் பெயர் இருக்காது. போட வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த மொழிபெயர்ப்பு ஏஜென்சி அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் இன்னும் உங்கள் பீரோவில் இருக்கிறது. செய்து கொடுத்த வேலைக்குக் காசு தராதவர்கள், காசு தரவில்லை என்று நாலு பேரிடம் நீங்கள் சொன்னதற்கு மானநஷ்ட ஈடு கேட்டார்கள். அதனால் அவர்கள் பெயரையும் எழுதவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் "அட, விடு கண்ணு" என்று பேச்சை மழைக்கும் மஞ்சள் விலைக்கும் திருப்பிவிட்டீர்கள். அச்சில் வந்தால் திருப்ப முடியாது.

உங்களை முதலில் கூப்பிட்டபோது நான் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ஏஜென்சியில் காசு ஒழுங்காக வருமா? அதே கேள்வியை உங்களுக்கு முன்னால் வேறு சிலரிடமும் கேட்டிருந்தேன். "கொஞ்சம் லேட் ஆகும்" என்றார் ஒருவர். "பேசிப் பாருங்க, நல்ல மாதிரிதான்" என்றார் இன்னொருவர். அவர்கள் இரண்டு பேருக்கும் அங்கே பாக்கி நின்றது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீங்கள் மட்டும், யாரென்றே தெரியாத என்னிடம், எடுத்த எடுப்பில் சொன்னீர்கள்: "எனக்கு வரலை கண்ணு. அறுபதாயிரம் போச்சு. நீ செய்யாதே."

அதோடு விடவில்லை. எனக்கு வந்த சாம்பிளைக் கேட்டு வாங்கினீர்கள். தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி ஒன்றின் கையேடு. முந்நூறு வார்த்தை, இலவசம், பிடித்திருந்தால் முழு வேலையும் தருவோம் என்று எழுதியிருந்தார்கள். அதே வாரம் வேறொரு கம்பெனிப் பெயரில் உங்களுக்கும் ஒரு சாம்பிள் வந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உங்களுடையது 'ஃபில்டரைக் கழற்றும் முன்' என்று பாதியில் நின்றது. என்னுடையது 'மின் இணைப்பைத் துண்டிக்கவும்' என்று ஆரம்பித்தது. நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முந்நூறு வார்த்தைக்குக் காசு கேட்கக் கூச்சப்படுவோம் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தை இருபது பேரிடம் வாங்கினால் முழுக் கையேடும் ஓசியில் முடிந்துவிடும்.

நம் ஊர்ப் பக்கம் ஏமாந்தவர்கள் பேசுவதில்லை. 2012இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது என் சித்தப்பாவின் பணமும் அதில் போனது. கம்பி வலை அடித்த கொட்டகை தோட்டத்தில் பல வருஷம் நின்றது. எவ்வளவு போச்சு என்று இன்றுவரை அவர் வாய் திறக்கவில்லை, சித்திக்கே தெரியாது. ஈமுவைப் பற்றி விளம்பரத்தில் நடிகர்கள் வந்து பேசினார்கள், ஏஜென்ட்டுகள் வீடு வீடாகப் பேசினார்கள். பணம் போட்டவர்கள் மட்டும் சொந்த வீட்டுக்குள்கூடப் பேசவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு நீங்கள் தொகையோடு சொன்னது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய்க் கதையையும் நீங்களாகத்தான் சொன்னீர்கள். புதிதாக வந்த ஒரு கிளையன்ட் அட்வான்ஸாக ரூ. 2,000 போடுகிறேன் என்றான். சற்று நேரத்தில் ரூ. 20,000 வரவு என்று ஒரு குறுஞ்செய்தி. உடனே பதற்றமாக ஒரு போன்: "ஒரு சைபர் கூடிப்போச்சுங்க மேடம், ஆஸ்பத்திரிக்கு வெச்சிருந்த காசு, மீதியை மட்டும் திருப்பிடுங்க." அடுத்தவர் காசு கையில் நிற்கக் கூடாது என்று வளர்ந்தவர் நீங்கள். திருப்பினீர்கள். குறுஞ்செய்தி வங்கியிலிருந்து வரவில்லை, அவன் போனிலிருந்து வந்தது; கணக்கில் எதுவுமே ஏறவில்லை.

காவல் நிலையத்தில் உங்களிடம் கேட்டார்களே, "படிச்சவங்கதானே நீங்க, இதுகூடத் தெரியாதுங்களா?" என்று. அதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் இறங்கியது. போன பணத்தைவிட அந்தக் கேள்விதான் உங்களை அதிகம் படுத்தியது என்று நினைக்கிறேன். எனக்கு அந்தக் கேள்விமேல் தீராத கோபம். படிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உங்கள் நேர்மையைப் பிடித்துத்தான் அவன் இழுத்தான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பேர் புகார் கொடுக்கப் போவதே இல்லை.

நீங்களும் ஒரு ராத்திரி தாமதித்தீர்கள். "உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாருன்னு காலையில 1930க்குப் போட்டேன். அந்த ஒரு ராத்திரியிலதான் காசு ஊர் சுத்திருச்சு." அந்த சைபர் மோசடி உதவி எண் எப்படி வேலை செய்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகிறது. அங்கே மிச்சம் இருப்பதை நிறுத்தி வைக்கிறார்கள். அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்கும் சொல்கிறார்கள். கமிஷனுக்காக யாரோ வாடகைக்கு விட்ட கணக்குகள் வழியாகப் பணம் தாவிக்கொண்டே இருப்பதால் நிமிஷக் கணக்கில் கூப்பிட்டால்தான் கொஞ்சமாவது நிற்கும். உங்களுக்கு நாலாயிரம் நின்றது. இதைக் கேட்ட பிறகு என் போனில் 1930ஐ அம்மாவின் எண்ணுக்கு அடுத்து சேமித்து வைத்தேன்.

அது எனக்குப் பயன்படவில்லை. மாடி வீட்டு மலர்க்கொடிக்குப் பயன்பட்டது (அவள் உண்மைப் பெயர் இது இல்லை). வீட்டிலிருந்தே படிவம் நிரப்பும் வேலை, ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று சேர்ந்தாள். ஆன்லைனில் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ராத்திரி பகலாக டைப் அடித்துக் கொடுத்தாள். "துல்லியம் போதவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்" என்று பதில் வந்தது. அடுத்து வாட்ஸ்அப்பில் அசோகச் சின்னம் போட்ட ஒரு நோட்டீஸ். நஷ்ட ஈடு கட்டாவிட்டால் நீதிமன்றம், கைது. வேலைக்குக் கூலி கிடைக்காதது போதாதென்று வேலை செய்தவளிடமே வசூல். மூவாயிரம் ரூபாய் கட்டிவிட்டு, அடுத்த தவணைக்குத் தாலிக்கொடியை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் என்னிடம் வந்தாள். நீங்கள் என்னிடம் சொன்ன மாதிரியே உங்கள் கதையை முதலில் சொன்னேன். அதன் பிறகுதான் அவளுடையது முழுசாக வெளியே வந்தது. எந்த நீதிமன்றமும் கூகுள் பே எண் கொடுத்துச் சம்மன் அனுப்பாது என்று சொல்லி, அப்போதே 1930க்குப் போட்டோம். கட்டியதில் பெரும்பகுதி ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டது என்று பிறகு தகவல் வந்தது. அந்தப் பெண் உங்களைப் பார்த்ததே இல்லை. அவள் நன்றியையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போனில் ஏமாற்றும் பையன்களைப் பற்றிப் பேசும்போது நீங்கள் இளகிவிடுவீர்கள். "அவன் எந்தக் காட்டுல மாட்டிக்கிட்டு இருக்கானோ" என்பீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடியில் அடைபட்டு, அடி உதையோடு மோசடி வேலை பார்க்க வைக்கப்பட்ட தமிழ்ப் பையன்கள் 2022இல் மீட்கப்பட்டுச் சென்னையில் வந்து இறங்கியதைப் பார்த்தோம். எனக்குக் கோபம் அவர்கள்மேல் இல்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, ஜி.எஸ்.டி. எண்ணோடு, விசிட்டிங் கார்டோடு, "பேமென்ட் புராசஸில் இருக்கிறது" என்று மாதக் கணக்கில் சொல்கிறார்களே, அவர்கள்மேல்தான். அவர்களை யாரும் மோசடிக்காரர்கள் என்று சொல்வதில்லை. பில்லில் பத்து சதவீதம் வரிப் பிடித்தம் செய்தோம் என்பார்கள். பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தால் நம் பெயரில் ஒரு பைசா கட்டியிருக்க மாட்டார்கள். அதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குச் சோறு போட்டது உத்யம் என்கிற அரசு நிறுவனப் பதிவு. நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மேஜை, ஒரு பழைய லேப்டாப், இது ஒரு நிறுவனமா? "தனி ஆளும் குறு நிறுவனம்தான் கண்ணு, ஆதாரும் பான் கார்டும் போதும். காசு கேட்கிற வெப்சைட்டுல மட்டும் போயிடாதே, அரசாங்கத்தோடது இலவசம்" என்றீர்கள். (ஏமாறாமல் இருக்கப் பதியப் போகிற இடத்திலும் போலி இருக்கிறது பாருங்கள்.) பிறகு 2006ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தை எனக்குப் பாடமே எடுத்தீர்கள். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் போட்டிருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் காசு வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. தராவிட்டால் அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள வசதியாக்க மன்றத்துக்குப் போகலாம். நமக்குக் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. மன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து அவர்கள் எதிர்த்துப் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். பதிவை மட்டும் வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே செய்திருக்க வேண்டும் என்று எச்சரித்தீர்கள்.

மன்றம் வரை போனால் மாதங்கள் ஓடும் என்பதையும் மறைக்கவில்லை. "போகத் தேவையிருக்காது. பில்லின் அடியில் உத்யம் நம்பரைப் போடு. திட்டாதே, கெஞ்சாதே, நம்பரை மட்டும் போடு." சென்ற ஆண்டு ஒரு கம்பெனி என் நாற்பதாயிரத்தை இழுத்தடித்தபோது அதையே செய்தேன். பல மாதம் என் போனை எடுக்காத அக்கவுன்ட்ஸ் ஆள் மார்ச் கடைசியில் தானாகவே கூப்பிட்டார். "ஆடிட்டர் கேட்கிறாருங்க, உங்க உத்யம் சர்டிபிகேட்டை உடனே அனுப்ப முடியுங்களா?" விஷயம் பிறகு புரிந்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, என் போன்றவர்களுக்குக் குறித்த கெடுவுக்குள் காசு கொடுக்காமல் இழுத்தால், பணம் கொடுத்து முடிக்கிறவரை அதை அவர்கள் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. என் வாடகைக்கும் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கும் இரங்காதவர்கள் தங்கள் வரிக்கு இரங்கினார்கள். பணம் வந்தது. வட்டி வரவில்லை, கேட்காமல் விட்டதற்கு நீங்கள் திட்டினீர்கள்.

அம்மாவுக்கும் ஒரு கால் வந்தது, உங்களிடம் சொன்னேனா? மும்பை சுங்கத்தில் உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, வீடியோ காலைத் துண்டிக்கக் கூடாது, உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்கிறோம் என்று காக்கிச் சட்டை போட்ட ஒருவன். அப்படி ஒரு கைது சட்டத்தில் எங்கும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் பேசி எச்சரித்த பிறகும் அந்தக் கால்கள் ஓயவில்லை. அம்மா வானொலி கேட்டதில்லை. உங்கள் பதினெட்டாயிரம் ரூபாய்க் கதையை நான் சொல்லிக் கேட்டிருந்தார். "நேர்ல வாங்க சார், ஈரோடு பஸ் ஸ்டாண்டுல இறங்கி யாரை வேணா கேளுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டார்.

கடைசியாக ஒரு வேலை, அக்கா. வேலை செய்து கொடுத்த காசுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. உங்கள் அறுபதாயிரத்துக்கு அது வரும் தையோடு முடிகிறது. எங்கள் எல்லோருக்கும் வழி சொன்ன நீங்கள் அந்த நோட்டீஸுக்குப் பயந்து உங்களுக்கு மட்டும் மனுப் போடவில்லை. நீங்கள் 2021லேயே உத்யம் பதிந்தவர். வேலை அதற்குப் பிறகு செய்தது. வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிட்டேன்: அதிகாரம் உள்ள மன்றத்தில் உண்மையைச் சொல்லிப் புகார் கொடுப்பது அவதூறு ஆகாது. பில், அவர்கள் வேலையை ஏற்றுக்கொண்ட மெயில், அந்த நோட்டீஸ் மூன்றையும் பீரோவிலிருந்து எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கோபி பஸ்ஸில் வருகிறேன், உட்கார்ந்து மனுவைப் பதிவேற்றிவிடலாம். வட்டியையும் சேர்த்துக் கேட்கப் போகிறோம். மாமாவிடம் இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து உங்கள் தங்கை