சவரத்திற்கு மட்டும்

பிரித்தானிய விடுதிகளின் குளியலறையில் வழக்கமான மூன்று முனைச் சாக்கெட்டைக் காண்பது அரிது. கண்ணாடியருகே ‘சவரத்திற்கு மட்டும்’ என்ற குறிப்புடன் இரு முனைச் சாக்கெட் ஒன்றே பெரும்பாலும் இருக்கும். 115 வோல்ட், 230 வோல்ட் என இருவகை மின்னழுத்தமும் அதில் கிடைக்கும். ஐரோப்பியப் பிளக், அமெரிக்கப் பிளக் இரண்டும் எளிதாய் நுழையும். நுழைந்துவிடுகிறது என்பதாலேயே எதனையும் இயக்கிவிடலாகாது என்பதே நாம் ஈண்டுக் கூற விழைவது.

அச்சாக்கெட்டின் பின்னே மின்மாற்றி ஒன்று மறைந்துள்ளது. அதிலிருந்து வெளிவரும் இரு கம்பிகளுள் எதுவும் நிலத்தோடு இணைக்கப்படுவதில்லை. ஆதலால் ஈரக்காலுடன் நிற்பவர் ஒரு கம்பியைத் தொட நேரினும், அவருடல் வழியே மின்சாரம் நிலத்திற்குப் பாய்ந்து திரும்ப வழியில்லை. என்ன நுட்பமான ஏற்பாடு! எனினும் இரு கம்பிகளையும் ஒருசேரத் தொடுவோர்க்கு இக்காப்பு உதவாது.

மின்மாற்றியோ சிறியது, 20 முதல் 50 வோல்ட்-ஆம்பியர் வரையே தாங்கும். சவரக் கருவிக்கு அது தாராளம். முடி உலர்த்தியோ 1,000 வாட்டுக்கு மேலும் கேட்கும். நாம் தங்கியிருந்த விடுதியில் அமெரிக்கர் ஒருவர், தம் உலர்த்தி கணப்பொழுதில் நின்றுவிட்டதெனக் காலையுணவின்போது முறையிட்டார். மிகைச்சுமை கண்டு சாக்கெட் தானே இணைப்பைத் துண்டித்துக்கொண்டது என விளக்கினோம். அவர் விடுதியையே குறைகூறினார்.

கருவியின்மேல் ‘120 வோல்ட்’ என்று மட்டும் இருப்பின் 115 பக்கமே அதற்குரியது. அப்போதும் மின்மாற்றி அழுத்தத்தையே மாற்றும். விநாடிக்கு 50 என்னும் அலைவெண்ணை அமெரிக்காவின் 60 ஆக்காது. அதனாலேயே அந்நாட்டு முடிவெட்டும் கருவிகள் சில அங்கு மந்தமாய் ஓடுகின்றன.