லாயத்துக் கைகள்

மேற்கு ராஜஸ்தானில் குதிரையேறி ஊர் ஊராகப் போகும் சுற்றுலா அக்டோபரில் தொடங்கி மார்ச்சோடு முடிந்துவிடும். அதற்குமேல் அந்த வெயில் ஆளையும் விடாது, குதிரையையும் விடாது. லூனி ஆற்றை ஒட்டிய மணல்வெளியில் கிளம்பி, பாலி மாவட்டத்தின் கோட்வாட் சமவெளியைக் கடந்து, ஆரவல்லி ஏறிக் கும்பல்கர் கோட்டையில் முடியும் ஒரு பயணத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். எனக்குச் சேணம் வேண்டாம், சாமான் லாரியில் சயீஸ்களோடு இடம் கொடுத்தால் போதும் என்று கேட்டிருந்தேன். குதிரையைப் பராமரிப்பவர்தான் சயீஸ். விருந்தினருக்கு மணல், முள்காடு, மலை என்று கண்ணுக்குப் புதிது புதிதாக நிலம் மாறும். சயீஸுக்கு ஒவ்வொரு மாற்றமும் ஒவ்வொரு கவலை. மணலில் வயிறு, கல்லில் குளம்பு, ஏற்றத்தில் முதுகு.

குதிரைகள் எல்லாம் மார்வாரி. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். கத்தியவாரியைத் தவிர வேறு இனத்தில் இப்படிப் பார்ப்பது அரிது. ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்தெழும் ‘ரேவால்’ நடை பலவற்றுக்கு இயல்பாகவே உண்டு. சவாரி செய்பவரை அதிகம் குலுக்காமல் நெடுந்தூரம் கொண்டுபோகும். நம் ஊரில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதைப் போல வாங்கும்போது இவற்றுக்கும் சுழி பார்க்கிறார்கள். தொண்டையில் சுழி இருந்தால் யோகம். நான்கு காலும் முகமும் வெள்ளையென்றால் பஞ்சகல்யாணி, விலை ஏறிவிடும்.

விடியுமுன்பே வேலை தொடங்குகிறது. நம் பக்கம் குதிரை என்றால் கொள்ளு. இங்கே வாற்கோதுமை, கொண்டைக்கடலை, தவிடு. மணல்வெளியில் தீவனத்தைத் தரையில் கொட்டுவதே இல்லை. ‘தோப்ரா’ என்ற பையில் போட்டு வாயோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். தரையிலிருந்து தின்றால் தீனியோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து.

மூத்த சயீஸ் ஒவ்வொரு குதிரையின் விலாவிலும் காதை வைத்துக் கேட்டார். “ரெண்டு பக்கமும் குடல் பேசணும். பேச்சு நின்னா சவாரியும் நின்னுது” என்றார். சாணத்தைக் காலால் தட்டிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டார். தண்ணீர் அடுத்த கவலை. குதிரைக்கு நாளொன்றுக்கு 30, 40 லிட்டர் வேண்டும். லூனியின் நீரோ பாலோத்ராவுக்குக் கீழே உப்பாகிவிடுகிறது. கிணற்றுத் தண்ணீர் கிடைத்தாலும், பழகாத ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அப்போது வாளியில் கொஞ்சம் வெல்லம் கரைகிறது.

கோட்வாட் வந்ததும் தரை இறுகி, கல் தென்படத் தொடங்கியது. இங்கே லாடம் அடிப்பவரின் ஆட்சி. எல்லாரும் அவரைச் சாச்சா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்கள் தாங்குகின்றன. அதனால் மணலில் முன்கால்களுக்கு மட்டும் லாடம் போட்டிருந்த குதிரைகளுக்கு மலை ஏறுமுன் பின்கால்களுக்கும் அடிக்க வேண்டியிருந்தது. குளம்பின் சுவர் நம் நகத்தைப் போல வலியறியாதது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவி மறுபடி அடித்தாக வேண்டும்.

ஆணியின் நுனி ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். சரியாகப் பிடித்து அடித்தால் வெளிப்பக்கமாக வளைந்து குளம்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். வெளிவந்த முனையை முறித்து மடக்கிவிடுவார்கள். பிடி மாறினால் உயிர்ச்சதையில் இறங்கும். “எப்படித் தெரியும் சாச்சா?” என்றேன். “கெட்டியான குளம்புல ஆணி போனா சத்தம் கணீர்னு இருக்கும். சத்தம் மழுங்குனா பிடுங்கிடுவேன்” என்றார். சுத்தியல் ஓசை கேட்கும் தொலைவில் யாராவது கைப்பேசியில் பாட்டு வைத்தால் அவருக்குக் கோபம் வந்ததன் காரணம் அப்போது புரிந்தது.

ராணக்பூரைத் தாண்டினால் மலைப்பாதை. ஏற்றத்தில் சேணம் பின்னால் சரியும், இறக்கத்தில் முன்னால் நழுவும். அடியில் விரிக்கும் கம்பளி நம்தாவில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட முதுகு புண்ணாகும். புண் ஆறும்வரை அந்தக் குதிரைக்குச் சேணம் கிடையாது. முதல் நாளே விருந்தினரின் நடையையும் எடையையும் பார்த்து யாருக்கு எந்தக் குதிரை என்று முடிவுசெய்திருந்தார்கள். செங்குத்தான இறக்கத்தில் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். முகாமை அடைந்ததும் சேணத்தைச் சட்டென்று எடுப்பதில்லை. வயிற்றுவாரைத் தளர்த்திச் சற்று நேரம் விடுகிறார்கள். எடுத்த பிறகு உள்ளங்கையால் முதுகு முழுக்கத் தடவி எங்கே சூடு, எங்கே வீக்கம் என்று தேடுகிறார்கள். பிறகுதான் கராரா சீப்பு, முழங்கைவரை அழுத்திச் செய்யும் மாலிஷ். இரவில் தலைக்கயிறும் பின்கால் கயிறுமாக அகாடி, பிச்சாடி கட்டி வரிசையாக நிறுத்துகிறார்கள். காயடிக்காத ஆண்குதிரைகள் பல என்பதால் இடைவெளி கூடுதல். கும்பல்கர் சரணாலயத்தில் சிறுத்தை உண்டு. காவலுக்கு முறைவைத்து விழித்திருப்பவர்களும் இதே சயீஸ்கள்தான்.

மார்வார் எனப்படும் இந்த மேற்கு ராஜஸ்தான் பகுதியில் குதிரை ராஜபுத்திரரின் அடையாளம். சேணத்தில் அமர்ந்தவர் ஒரு சாதி, சேணவாரை இறுக்கியவர் வேறு சாதி. 1952-இல் ஜாகிர் எனும் நில மானியங்களை ஒழிக்கும் சட்டம் வந்து நிலம் கைவிட்டுப் போனதும் பல குடும்பங்களால் லாயத்தைக் கட்டிக்காக்க முடியவில்லை. இனமே அருகியது. ஜோத்பூர் அரச குடும்பமும் ஷேகாவதியின் துண்ட்லோத் ரகுவேந்திர சிங்கும் அதை மீட்க முன்நின்றார்கள். 1999-இல் ரகுவேந்திர சிங்கும் குதிரை ஆர்வலர் பிரான்செஸ்கா கெல்லியும் இந்திய உள்நாட்டுக் குதிரைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கோட்டைகள் விடுதிகளாயின. சவாரிச் சுற்றுலா லாயங்களுக்குத் தீனி போட்டது.

சாதி மட்டும் அந்த அளவுக்கு இளகவில்லை. தலித் மணமகன் குதிரையேறி ஊர்வலம் போவதைத் தடுப்பதும், போலீஸ் காவலோடு ஊர்வலம் நடப்பதும் ராஜஸ்தான் செய்திகளில் இன்றும் வருகின்றன. மெதுவாகப் பேசும் இளைய சயீஸ் ஒருவர் சொன்னார்: “குளிப்பாட்டலாம், நடத்தலாம், முரட்டுக் குதிரையைப் பழக்கலாம். கல்யாணத்தன்னிக்கு மட்டும் ஏறக்கூடாது.” பணம் கட்டிய யாரும் முதல் நாளே ஏறி அமரும் அதே முதுகைப் பற்றித்தான் பேசினார்.

ஏப்ரல் வந்தால் குதிரைக்கு நிழலும் தீனியும் உறுதி. சயீஸுக்கு அந்த உறுதி இல்லை. சிலர் குஜராத்துக்கு ஆலை வேலைக்குப் போகிறார்கள். மீண்டும் அக்டோபரில் வருவார்களா என்பது கூலியைப் பொறுத்தது. மகனை இந்த வேலைக்குக் கொண்டுவருவீர்களா என்று நான் கேட்டவர்களில் ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. விலாவில் காது வைப்பதும், ஆணியின் ஓசையைப் பிரித்தறிவதும் ஒரு பருவத்தில் வந்துவிடும் வித்தையும் அல்ல.

மார்வாரிக்கு வம்சாவளிப் பதிவேடு இருக்கிறது. தாய், தந்தை, நிறம், உயரம், சுழி எல்லாம் அதில் ஏறும். அந்தக் குதிரையை நோயின்றி நிற்கவைத்தவர் பெயருக்கு அதில் கட்டம் இல்லை. இனத்தைக் காப்பது என்றால் ரத்தத்தைக் காப்பது என்றே இதுவரை எண்ணியிருக்கிறோம். ஆண்டு முழுவதற்கும் சம்பளம், வேலையில் அடிபட்டால் காப்பீடு, தேர்ந்த சயீஸ் என்பதற்கு ஒரு சான்றிதழ் ஆகிய மூன்றும் சுற்றுலாக் கட்டணத்துக்குள் அடங்காத செலவல்ல. இவற்றைச் செய்யாவிட்டால் வளைந்த காதுள்ள குதிரைகள் மிஞ்சும். அவற்றை மலையேற்றி நலமாகத் திருப்பிக் கொண்டுவர ஆட்கள் மிஞ்ச மாட்டார்கள்.