வரிக்குதிரைக்கு 40 நாள்

போன பள்ளி விடுமுறையில் மகளையும் என் தாய்மாமாவையும் ஜோகூர் விலங்குத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். 1928-இல் சுல்தான் இப்ராகிம் அமைத்த தோட்டம்; பொதுமக்களுக்குத் திறந்தது 1962-இல்தான். மாமா குதிரை லாயத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எந்த விலங்கைக் காட்டினாலும் முதலில் அதன் குளம்பைத்தான் பார்ப்பார்.

“தாத்தா, ஆப்பிரிக்காவுலேருந்து வரிக்குதிரை வாங்கிட்டு வந்தா அன்னைக்கே பார்க்கலாமா?” என்றாள் மகள்.

மாமா என் பக்கம் திரும்பினார். “2020 ஞாபகம் இருக்கா?”

எப்படி மறக்கும்? அந்த மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் நாமெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்தோம். அதே நேரம் தாய்லாந்தின் கோராட் பகுதியில் குதிரைகள் மூச்சுத் திணறி, மூக்கில் நுரை தள்ளிச் செத்து விழுந்தன. ஆப்பிரிக்கக் குதிரை நோய். சில மாதங்களில் 500-க்கும் மேல் போய்விட்டன. வெளியிலிருந்து கொண்டுவந்த வரிக்குதிரைகள்மேல்தான் சந்தேகம் விழுந்தது.

மாமா அப்போது வேலையில் இருந்தார். அவர் கையால் வளர்ந்த பெண்குதிரை ஒன்று லாயத்தில் இருந்தது. அந்நோய் வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. அதைப் பரப்புவது கொசுவைவிடச் சிறிய பூச்சி, நாம் ‘அகாஸ்’ என்போமே, அந்த இனம். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் புகுந்துவிடும். மாமா நெருக்கமான வலை தேடிப்பிடித்து, பொழுது சாயுமுன் குதிரைகளை உள்ளே கட்டி, சன்னல்களை மூடிவிட்டுத்தான் சாப்பிடப் போவார். நல்லவேளை, அந்த லாயத்தை நோய் தொடவில்லை.

வரிக்குதிரையிடம் இருக்கும் வம்பே அது நோயாளிபோலத் தெரியாததுதான். நன்றாக மேயும், துள்ளும். இரத்தத்தில் கிருமி 40 நாள் வரைகூட இருக்கலாம். 1987-இல் நமீபியாவிலிருந்து ஸ்பெயினின் மட்ரிட் பக்கம் ஒரு சஃபாரி பூங்காவுக்கு வந்த வரிக்குதிரைகள் அப்படித்தான் வந்தன. 1990 வரை அந்நாட்டுக் குதிரைகள் அவதிப்பட்டன. ஆகவே கண்ணால் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொன்னால் போதாது. பூச்சி புகாத கொட்டகையில் தனியே வைக்க வேண்டும், இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். ‘குவாரண்டைன்’ என்ற சொல்லே இத்தாலிய மொழியின் நாற்பதிலிருந்து வந்தது என்பது தனி வேடிக்கை.

“அத்தனை நாள் அடைச்சு வச்சா அதுக்குப் போரடிக்காதா?” என்றாள் மகள்.

“அடிக்கும்டா. எங்களுக்கும் அடிச்சுது” என்ற மாமா, முழங்கையில் கடித்த எதையோ பட்டென்று அடித்துவிட்டு, உள்ளங்கையை விரித்து உற்றுப் பார்த்தார்.